படகின் பங்கு

குனிந்தவுடன் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடு முதுகில் தொடங்கி இடது தொடை வழியாகக் கணுக்கால் வரைக்கும் சூடான கம்பியை இழுத்துவிட்ட மாதிரி வலி. மெலிங் பல்லைக் கடித்துக்கொண்டு, மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த படகைப் பிடித்தபடி அப்படியே நின்றான். மரம் வெட்டும் முகாமில் கட்டை உருண்டு இடுப்பில் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. முகாம்காரர்கள் மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவனால் கோடரி தூக்க முடியவில்லை, மலைச்சரிவில் நெல் ஊன்ற முடியவில்லை, ஒரு மூட்டை அரிசியைக் கரையிலிருந்து வீட்டுக்கு ஏற்ற முடியவில்லை.

வலி இறங்கும்வரை கண்ணை எங்காவது வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்த இடத்தில்தான் அந்த ஒட்டுப் பலகை இருந்தது.

படகின் வயிற்றில், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், இரண்டு சாண் நீளத்துக்குப் புதுப் பலகை வைத்து ஆணியடித்துத் தார் பூசியிருந்தார்கள். ஓரத்தில் தார் சரியாகப் படவில்லை. பழைய மரத்தின் நார் அங்கே பிதுங்கிக்கொண்டு நின்றது. மெலிங் விரலால் தடவிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் மரம் வெட்டியவன். பாறையில் மோதிய படகில் நார் உள்பக்கமாக மடங்கும். இங்கே வெளிப்பக்கமாகப் பிளந்திருந்தது. யாரோ படகுக்குள் நின்றுகொண்டு அடிப்பலகையில் கோடரி போட்டிருக்கிறார்கள். ஒரு போடு இல்லை. மூன்று, நான்கு.

“இது எப்படி உடைஞ்சுது?”

“பாறை.” விற்க வந்த உஞ்சாட் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கீழ் ஆற்று வீட்டுக்காரன். கண் சிவந்து, தூங்கிப் பல நாள் ஆனவன்போல இருந்தான்.

“பாறை படகுல ஏறி உக்காந்துகிட்டு இடிச்சுதாக்கும்.”

உஞ்சாட் சிரிக்கவில்லை. “புடிச்சா எடுத்துக்க, புடிக்கலன்னா விடு. எஞ்சினோட சேத்து ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு இந்த ஆத்துல எவன் குடுப்பான்? எஞ்சின் மட்டுமே ரெண்டாயிரம் போவும்.”

மெலிங்குக்கு அதுவும் உறுத்தத்தான் செய்தது. பதினைந்து குதிரை எஞ்சின், வாங்கி மூன்று வருஷம்கூட இருக்காது. இழுக்கிற கயிறு மட்டும் புத்தம் புதுசு. மூடியைக் கழற்றினான். பெட்ரோல் வாடையோ எண்ணெய் வாடையோ வரவில்லை. மழை பெய்து முடிந்ததும் புதிதாக வெட்டிய குழியிலிருந்து எழும்புகிற, குளிர்ந்த, புளித்த மண்ணின் வாடை வந்தது. இடுக்கில் வெள்ளையாக நூல் நூலாக வேர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் போட்டான்.

“எஞ்சின் யாரோடது?”

“அண்ணனோடது. அந்தாவ்.”

“அவரு என்ன சொல்றாரு?”

“அவருக்கு இப்ப ஆத்துல வேலை இல்ல.”

வளைவுக்கு அந்தப் பக்கம் உஞ்சாட்டின் ஊரே ஒரே கூரையடியில் குடியிருக்கும் நீண்ட வீட்டிலிருந்து புகை எழுந்தது, சேவல் கூவியது. மேலே வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ என்று அவன் சொல்லவில்லை. இந்த ஆற்றில் எதிரியைக்கூட அப்படி அனுப்ப மாட்டார்கள். படகை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளியபோது உஞ்சாட் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டான். எஞ்சினைக்கூட வெளியே நின்றபடிதான் மாட்டினான். படகுக்குள் காலை வைக்கவே இல்லை.

மெலிங் எல்லாவற்றையும் பார்த்தான். ஒன்றையும் பார்க்காதவன்போல இருந்துகொண்டான்.

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை என்று அவனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். படகின் பின்னால் உட்காரலாம். வலை போடலாம். பழக்காலத்தில் ஆற்றைக் கடக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டில் இருந்தது. மனைவி மிந்துவுக்கு ஆறாவது மாதம். போன தடவை அவளுக்கு வலி எடுத்தபோது கரையில் ஒரு படகும் இல்லை, பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்தார்கள். பாதி வழியில், மழையில், ஒரு பலா மரத்தடியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு தடவைகூட அழவில்லை. இந்தத் தடவை படகு இல்லாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் மிந்து தன் தாய்வழி வந்த பழைய சாடியை நகரத்து வியாபாரிக்கு விற்கச் சொன்னாள்.

பணத்தை முழுசாகக் கொடுத்தான். உஞ்சாட் எண்ணாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மணலில் ஏறிப் போனான்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. வளைவு தாண்டி நடு ஆற்றுக்கு வந்தபிறகுதான் மெலிங் கவனித்தான். நீளப் படகில் ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் ஓட்டினால், முன்பக்கம் காலியாக இருப்பதால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எல்லாப் படகும் அப்படித்தான். இந்தப் படகு தூக்கவில்லை. மட்டமாக, சாதுவாக, முன்னால் ஓர் ஆள் குந்தியிருந்தால் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. தண்ணீர் ஏறிவிட்டதோ என்று எஞ்சினை அணைத்துவிட்டுத் தவழ்ந்து போய்ப் பார்த்தான். உள்ளே காய்ந்து கிடந்தது. மழைக்காலத்து மரம், ஊறிக் கனத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

படித்துறையில் மிந்துவின் தம்பி லயாங் காத்திருந்தான்.

“மச்சானும் படகுக்காரன் ஆயாச்சு. இனிமே நம்மகிட்ட எல்லாம் பேசுவியா?” என்றவன் ஆற்றின் கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தான். “முன்னால உக்காந்திருந்த ஆளை எங்க எறக்கிவிட்ட?”

“எந்த ஆளு?”

“வளைவுல வரச்சே பார்த்தேனே. குந்திகிட்டு இருந்தாரே.”

“வெயிலு உன் கண்ணுல குந்திகிட்டு இருந்திருக்கும்.”

லயாங் சிரித்தான். மெலிங்கும் சிரித்தான்.

அந்த வருஷம் காட்டில் பழம் கொட்டியது. பன்றிகள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடந்தன. லயாங்கிடம் துப்பாக்கி இருந்தது, மெலிங்கிடம் படகு இருந்தது. மற்ற படகுக்காரர்கள் மூன்று நாள் காத்துக் கிடந்து ஒன்று அடித்தார்கள். இவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கிடைத்தது. எஞ்சினை அணைத்து மிதக்கவிட்டால் போதும். பன்றி தானாகவே கரையிலிருந்து இறங்கி, படகின் மூக்கை நோக்கி, கூப்பிட்ட நாய் வருகிற மாதிரி நீந்தி வந்தது. கிட்டத்தில் வந்தபிறகுதான் அதன் கண் படகின் முன்பக்கத்தைப் பார்த்துப் பிதுங்கும். திரும்பி ஓடப் பார்க்கும். அதற்குள் லயாங் சுட்டுவிடுவான்.

லயாங் நடுவில்தான் உட்காருவான். முன்னால் போய் உட்காரச் சொன்னால் ஏதாவது சாக்கு. “அங்க பலகை ஈரமா இருக்கு மச்சான். உக்காந்தா குளுருது.”

படகு பாறையில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வெள்ளம் வடிந்த கலங்கல் தண்ணீரில், முன்னால் ஓர் ஆள் கழியோடு நின்று கையைக் காட்டாமல் யாரும் ஓட்டத் துணியாத இடங்களில்கூட, எஞ்சினின் கைப்பிடி மெலிங்கின் உள்ளங்கையில் லேசாக வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் திரும்பும். அவன் திருப்பியிருக்க மாட்டான். எஞ்சின் இரைச்சலுக்கு அடியில், கழி ஒன்று ஆற்றின் அடிக்கல்லில் படுகிற சத்தம் வந்துகொண்டிருக்கும். டக். கொஞ்சம் விட்டு, டக்.

வேட்டைக் கறியைக் கூறு போடுவதில் இந்த ஆற்றில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. போனவர்களுக்கு ஆளுக்கொரு கூறு, துப்பாக்கிக்கு ஒரு கூறு, படகுக்கு ஒரு கூறு. துப்பாக்கிக் கூறு லயாங்குக்கு, படகுக் கூறு மெலிங்குக்கு. முதல் பன்றியின் கறியை மிந்து அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாள். காலையில் ஆள் கூறு சிவப்பாக, நல்லபடியாக இருந்தது. படகுக் கூறு கறுத்துப்போயிருந்தது. ஒரே பன்றி, ஒரே தொடை, ஒரே புகை. தொட்டால் விரல் உள்ளே போனது. புழு இல்லை. ஈ ஒன்று சுற்றி வந்து, உட்காராமல் போய்விட்டது. அதிலிருந்து வந்தது அழுகல் வாடைகூட இல்லை. குழி மண்ணின் வாடை.

இரண்டாவது பன்றியிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே.

“உன் படகு தின்னுபோடுது மச்சான்,” என்றான் லயாங். “எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தல போல, பன்னிக் கறி கேக்குது.”

மெலிங் கறுத்த கறியை வழித்து வெளியே கொட்டினான். நாலாவது பன்றி கிடைத்தபோது படகுக் கூறை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. சூடு ஆறுமுன் நேராக மர முகாமின் சமையற்கட்டுக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டான். பொழுது சாயுமுன் முகாம்காரர்கள் தின்று முடித்துவிட்டார்கள். கெட்டுப்போக நேரம் இல்லை. அடுத்த பன்றிக்கும் அப்படிச் செய்தான். அதற்கடுத்ததற்கும். மொத்தம் ஆறு கூறு விற்றான். மிந்துவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகட்டும் என்று பால்டின்னில் போட்டு மூடினான்.

ஒவ்வொரு கூறு விற்றபிறகும் படகின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. ஆறாவது தடவை முன்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம்.

பத்து நாள் கழித்து லயாங் கீழ் ஆற்றுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தான். அன்றைக்கு அவனிடம் கேலி எதுவும் இல்லை. படித்துறையில் வலையை அலசிக்கொண்டிருந்த மெலிங்கிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றான்.

“மச்சான், அந்தப் படகை விட்டு எறங்கு.”

“ஏன்?”

“அந்தாவ் செத்து எட்டு மாசம் ஆச்சு. பன்னி வேட்டைல வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சாம். செபாவ் ஓடைக்குள்ள மேட்டுல பொதைச்சிருக்காங்க. படகையும் எஞ்சினையும் அவருக்குன்னு அங்கயே குடுத்துட்டாங்க. எல்லாரும் பாக்க, உள்ள நின்னு கோடரியால வெட்டி, எஞ்சின் கயித்த அறுத்து வெச்சிருக்காங்க. தம்பிக்காரன் சூதாடித் தோத்துட்டு, அங்கேருந்து இழுத்துட்டு வந்து உன் தலைல கட்டிட்டான். இப்ப ஆளே ஊர்ல இல்ல.”

மெலிங் வலையைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

செத்தவனுக்குக் கொடுக்கும் பொருளை உடைத்துத்தான் கொடுப்பார்கள். கிண்ணமானால் விளிம்பைத் தட்டுவார்கள், பாயானால் கிழிப்பார்கள். இங்கே உடைந்தது அங்கே முழுசாகும். இங்கே பொழுது சாயும்போது அங்கே விடியும், அவர்கள் எழுந்து வேலைக்குக் கிளம்புவார்கள். இதைத் தெரிந்துகொள்ள யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எனக்கெப்படித் தெரியும்,” என்றான் மெலிங்.

“தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. நீ கோடரிக்காரன். அந்த வெட்டைத் தொட்டுப் பார்த்தியா இல்லியா?”

மெலிங் வலையில் ஒரு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

“படகு அவரோடது மச்சான். நீ வாடகைக்கு ஓட்டிட்டு இருந்திருக்க. படகுக் கூறு யாரோடது? முதல் மூணு அவரு எடுத்துக்கிட்டாரு. மிச்சத்தை நீ வித்துட்ட.” லயாங் குரலைத் தாழ்த்தினான். “கொண்டுபோய் வெச்சிடு. கோழி வெட்டி, சோறு படைச்சு, மன்னிப்புக் கேட்டுட்டு வெச்சிடு.”

“மிந்துவுக்கு எட்டு மாசம் முடியப்போவுது. எதுல கூட்டிட்டுப் போவேன்? முதுகுல கட்டிக்கிட்டா? போன தடவை பார்த்தியே.” மெலிங் வலையைக் கீழே போட்டான். “அவ பெத்து எறங்கட்டும். மறுநாளே கொண்டுபோய் வெச்சிடறேன். எனக்கும் அவருக்கும் நடுவுல இது.”

“அவருகிட்ட கேட்டியா, சரியான்னு?”

நீண்ட வீட்டுக்காரர்கள் படகைப் படித்துறையில் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே தள்ளி, மூங்கில் புதரில் கட்டினான். நீண்ட வீட்டில் வேறு இரண்டு படகுகள் இருந்தன. இரண்டும் அறுவடைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேல் ஆற்றுக்குப் போயிருந்தன. லயாங் தன் பெரியப்பன் மகனிடம் ஒரு படகு இருக்கிறது, ரெண்டு நாளில் கொண்டுவந்துவிடுகிறேன், அதுவரைக்கும் அக்காவை அசையவிடாதே என்று சொல்லிவிட்டு நடந்தே போனான்.

மறுநாள் மத்தியானம் மிந்துவுக்குப் பனிக்குடம் உடைந்தது.

பிள்ளைப்பேறு பார்க்கும் இண்டாய் ஜாரா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு கையாலும் அமுக்கித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “குறுக்க கெடக்கு. என்னால ஆவாது. ஆஸ்பத்திரில அறுத்துத்தான் எடுக்கணும். ராத்திரி தாண்டாது.”

“லயாங் நாளைக்கு வந்துடுவான்,” என்றாள் ஒருத்தி.

“நாளைக்கு வந்து என்னத்தைத் தூக்கறது?”

எல்லாரும் மெலிங்கைப் பார்த்தார்கள். அவன் மிந்துவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

“செத்தவன் படகோ இருக்கிறவன் படகோ,” என்றாள் மிந்து. “இன்னொரு தடவை என்னை மரத்தடியில போடாத மெலிங். எடு.”

பெண்கள் அவளைப் பாயில் வைத்துக் கரைவரைக்கும் தூக்கி வந்தார்கள். தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் காலை நனைக்கவில்லை. மெலிங்தான் இடுப்பு கிழிய அவளை வாங்கி, படகுக்குள் இறக்கி, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தலை இருக்கும்படி, காலை முன்பக்கம் நீட்டிப் படுக்க வைத்தான். இண்டாய் ஜாரா வாழையிலையில் சோற்றையும் ஒரு முட்டையையும் மடித்து, கையை நீட்டி, படகின் முன்பலகையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மெலிங்கின் கண்ணை அவள் பார்க்கவில்லை.

நகரத்துக்கு நாலு மணி நேரம். கிளம்பும்போதே வானம் இருண்டுகொண்டு வந்தது. ஒரு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கரையும் மறைந்து, ஆறு எது வானம் எது என்று தெரியாத சாம்பல் நிறத்தில், எஞ்சின் சத்தமும் மழைச் சத்தமும் மிந்து மூச்சு வாங்கும் சத்தமும் ஒன்றாகக் குழைந்து காதை அடைத்தன. ஈரப் பாயின் வாடை, பெட்ரோல் வாடை, அவள் உடம்பிலிருந்து வழிந்துகொண்டிருந்த நீரின் இனித்த வாடை. அவற்றுக்கெல்லாம் அடியில், முன்பக்கமிருந்து, அந்த மண் வாடை. முன்விளிம்பு தண்ணீருக்கு மூன்று விரல் மேலே இருந்தது.

மெலிங் பேச ஆரம்பித்தான். சத்தமாக, மழையைப் பார்த்து.

“அண்ணே. அந்தாவ் அண்ணே. தெரிஞ்சேதான் வாங்கினேன். தப்புத்தான். ஆறு கூறையும் குடுத்துடறேன். ஆறு முழுப் பன்னியாவே குடுத்துடறேன். படகை வெச்சிட்டு, மேல எஞ்சினுக்குப் பெட்ரோல் ரொப்பி வெச்சிட்டு வர்றேன். இன்னிக்கு மட்டும் விடுங்க. இந்த ஒரு நடை.”

டக், என்றது கழி. கொஞ்சம் விட்டு, டக்.

அப்போதுதான் முன்பலகையைப் பார்த்தான். படகு முழுக்க மழை தெறித்துக்கொண்டிருந்தது. முன்பலகையில் ஓர் இடத்தில் மட்டும் தெறிக்கவில்லை. காய்ந்திருந்தது. ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. அதற்கு மேலே, தோள் உயரத்தில், மழை இரண்டாகப் பிரிந்து வழிந்தது. வாழையிலை பிரிந்து கிடந்தது. சோறு அப்படியே இருந்தது. முட்டையும் அப்படியே இருந்தது.

அவருக்குச் சோறு வேண்டாம்.

செபாவ் ஓடையின் வாய் இடப்பக்கம் வந்தது. அதைத் தாண்டினால் பாதி வழி. மெலிங் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கையில் அது திரும்பியது. அவன் மறுபக்கம் முறுக்கினான். இடுப்பில் எலும்பு இரண்டாகப் பிளந்ததுபோல வலித்தது. அப்படியும் படகு திரும்பியது. ஓடைக்குள்.

எஞ்சினை அணைத்தான்.

படகு நிற்கவில்லை.

டக். டக். டக்.

எதிர் நீரோட்டத்தில், எஞ்சின் இல்லாமல், படகு ஓடைக்குள் ஏறியது. மரங்கள் மேலே கூடிக்கொண்டன. வெளிச்சம் சுருங்கியது. மழைச் சத்தம் தூரமாகப் போனது. துடுப்பை எடுத்தான். தண்ணீரில் விட்டான். யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி கையை விட்டுப் போனது.

“மெலிங்,” என்றாள் மிந்து. கண்ணை மூடியிருந்தாள். “வந்துடுச்சா?”

“இன்னும் கொஞ்ச தூரம்.”

“யாரு இது?”

“எது?”

“என் காலைப் புடிச்சிருக்காங்களே.”

மெலிங் பார்த்தான். அவள் கணுக்கால் இரண்டிலும் சதை அமுங்கியிருந்தது. ஐந்து விரல். ஐந்து விரல். விரல்களைக் காணோம்.

“கை குளுருது,” என்றாள் மிந்து. “சொல்லு அவங்ககிட்ட. ரொம்பக் குளுருது.”

“விடுங்க அண்ணே.” அவன் தவழப் பார்த்தான். இடுப்பு பூட்டிக்கொண்டது. ஒரு முழம்கூட நகர முடியவில்லை. “விடுங்க. என்னை எடுத்துக்குங்க. நான்தான் வாங்கினேன். நான்தான் வித்தேன்.”

அவள் வயிறு அசைந்தது. வலியில் புரளும் அசைவு இல்லை. வெளியிலிருந்து, தொழில் தெரிந்த கை, நிதானமாக, கறியிலிருந்து எலும்பைப் பிரிப்பதுபோலத் திருப்பியது. குறுக்கே கிடந்தது நேரானது. மிந்து கத்தினாள். ஒரே கத்தல். பிறகு மூச்சு.

பிறகு அழுகை.

குழந்தை அழுதது. பலமாக, தொண்டை கிழிய, உயிருள்ள அழுகை. மிந்து சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“அழுவுது மெலிங். கேக்குதா. அழுவுது. குடு எங்கிட்ட.”

குழந்தை அவள் காலடியில் இல்லை. முன்பலகையில் இருந்தது. அந்தக் காய்ந்த இடத்தில், பலகைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றின்மேலும் படாமல். அதன்மேல் ஒரு துளிகூட விழவில்லை. கொடி அறுந்து தொங்கியது. பெண் குழந்தை. கால் உதைத்தது.

படகு கரையில் தட்டி நின்றது. மேலே மேடு. மேட்டில் கவிழ்ந்த கிண்ணங்கள், கிழிந்த பாய்கள், மூங்கில் கூரைகள்.

படகின் மூக்கு மேலே எழும்பியது. வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக. இறங்கிவிட்டார்.

அழுகை கரைக்குப் போனது. சேற்றில் ஒரு காலடிப் பள்ளம், அடுத்து ஒரு பள்ளம், மேட்டில் ஏறிக்கொண்டே போனது. மழை அதற்கு வழிவிட்டுப் பிரிந்து பிரிந்து மூடியது. அழுகை சின்னதானது. மரங்களுக்குள் போனது. இன்னும் அழுகை. இன்னும். நின்றது.

“ஏன் அழுவலை?” என்றாள் மிந்து. கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். “மெலிங். ஏன் நிறுத்திடுச்சு. குடு.”

மெலிங் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

சேற்றில் பள்ளங்கள் திரும்பி வந்தன. இறங்கி, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. தண்ணீர் ஓரத்தில் நின்றன. படகின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. முன்பலகையில் அந்த இடம் மறுபடி காய்ந்தது. எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது. முன்னால் மழை ஒரு கையின் வடிவில் விலகி, வழி காட்டுவதுபோல ஆற்றுப் பக்கமாக நீண்டது. பொழுது சாய்ந்துவிட்டது. அவருக்கு வேலைக்குப் போகிற நேரம்.

விற்றது ஆறு கூறு. எடுத்துக்கொண்டது ஒன்று. அந்தாவுக்கு இன்னும் ஐந்து கூறு பாக்கி.